பேனாக்கத்தி தீட்டப் போய் ஒரு மில்லிமீட்டர் இழந்த கதை

நேற்று இரவுதான் என் மடக்குக் கத்தி தாளைக் கிழிக்காமல் வெட்டியது. அதற்குள் அலகின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

முதல் தப்பு, இழுத்துத் தீட்டும் சாதனம். ‘வி’ வடிவில் இரண்டு கார்பைடு (எஃகை விடக் கடினமான பொருள்) துண்டுகள் இருக்கும், அதன் நடுவே கத்தியை இழுக்க வேண்டும். “நாலு இழுப்புப் போதும்” என்றார் விற்றவர். போதும்தான், இரண்டு நாளுக்கு. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கத்தி வாய் முழுக்க ரம்பப் பல். அது தீட்டுவதில்லை, உலோகத்தைச் சுரண்டி எடுக்கிறது. கோணமும் நம் கையில் இல்லை.

அந்தப் பல்லைச் சரி செய்ய நண்பரின் மோட்டார் சாணையில் வைத்தேன். பொறி பறந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த மில்லிமீட்டர் போனது அங்கேதான். போதாததற்கு நுனியில் நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் வந்தால் சூடேறி எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

கடைசியில் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு; எண் கூடினால் கல் வழவழப்பு) உள்ள தீட்டுக்கல். ஒரு மணி நேரம் தேய்த்தும் பயனில்லை. கல்லைத் திட்டித் தீர்த்தேன். பாவம் கல். கத்தி வாயில் மார்க்கரால் கறுப்புப் பூசி இரண்டு தடவை தேய்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே மட்டும் மை அழிந்திருந்தது, விளிம்பில் அப்படியே இருந்தது. கத்தியை அவ்வளவு படுக்கவைத்துத் தேய்த்திருக்கிறேன்! இந்த மார்க்கர் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள்.

கோணத்துக்குக் கருவி தேவையில்லை. அலகு 20 மில்லிமீட்டர் அகலம் என்றால், கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தூக்கினால் 15 டிகிரி. 7 தூக்கினால் 20 டிகிரி. அட்டையை அந்த உயரத்துக்கு மடித்துப் பக்கத்தில் வைத்துக் கண்ணைப் பழக்கினேன். ஆசையில் முதலில் 15 வைத்தேன். சவரக்கத்தி மாதிரி இருந்தது, ஒரு காய்ந்த குச்சியைச் சீவும்வரை. விளிம்பு மடங்கிவிட்டது. கயிறு, அட்டை, மரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி என்றால் 20தான் சரி.

அடுத்து பிசிறு, அதாவது தேய்க்கும்போது விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய உலோகம். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்க விளிம்பில் நுனிவரை பிசிறு தட்டுப்பட வேண்டும். விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, குறுக்கே மட்டும் தடவிப் பாருங்கள்; விளிம்பின் நீளவாக்கில் ஓட்டினால் ரத்தம்தான். நான் பாதியிலேயே திருப்பிப் போட்டுத் தேய்த்ததால் வளைவுப் பகுதி மழுங்கலாகவே கிடந்தது. அங்கே பிடியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். இன்னொன்று: கட்டைவிரலால் திறக்கும் குமிழ் உள்ள கத்தி என்றால் அது கல்லில் இடித்துக் கோணத்தைக் கெடுக்கும். குமிழைக் கல்லின் ஓரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

1000 பக்கத்தில் அழுத்தமே இல்லாமல் மாறி மாறித் தேய்த்ததும் பிசிறு குறைந்தது. மீதிக்குப் பழைய தோல் பெல்ட். அதில் முதுகு முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஒரு தடவை கூர் விளிம்பை முன்னால் தள்ளினேன். பெல்ட் இரண்டு துண்டு. கோபத்தை விட சந்தோஷம்தான் அதிகம், அவ்வளவு கூர்!

நுனியில் நீலம் பாய்ந்த கால் அங்குலம் மட்டும் இன்னும் மழுங்கல்தான். அதையும் தேய்த்து எடுக்க மனசு வரவில்லை.