ஏழாம் நம்பர் கமெண்ட் மூடப்பட்ட கதை

ஒருவழியாக எங்கள் பிரஷர் வெசல் (அழுத்தம் தாங்கும் கலன்) டிராயிங்குக்கு கோட் 1, அதாவது முழு ஒப்புதல், வந்துவிட்டது. ஷாப்பில் நாசில் (பைப் இணையும் வாய்) ஓட்டைகளை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திருச்சியில் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்களில் டாக்குமெண்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு உதவும் என்பதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வளைகுடாவில் நடக்கும் ஒரு பிராஜெக்டுக்கு நாங்கள் பிரஷர் வெசல் செய்கிறோம். டிராயிங்குகளைப் பார்த்து ஒப்புதல் தருவது சென்னையில் இருக்கும் ஒரு கன்சல்டன்ட். ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8 டிவிஷன் 1 (பிரஷர் வெசலுக்கான அமெரிக்க டிசைன் விதிகள்) கணக்குகள், வெல்டிங் பேப்பர்கள் எல்லாம் தொந்தரவில்லாமல் போயின. மாட்டிக்கொண்டது ஜி.ஏ. டிராயிங், அதாவது மொத்த அமைப்பைக் காட்டும் படம்.

ரிவிஷன் ஏ-வுக்கு வந்த கமெண்டுகளில் ஏழாவது இது: "என்4 நாசில் ஓரியண்டேஷனை பைப்பிங் லேஅவுட்டுடன் சரிபார்க்கவும்." அதாவது, கலனைச் சுற்றி அந்த நாசில் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதை. சரிபார்த்தோம். டேட்டா ஷீட்டில் 135 டிகிரி, லேஅவுட்டில் 150 டிகிரி. இரண்டுமே அவர்கள் கொடுத்த பேப்பர்கள்தான். எது சரி என்று வெண்டராகிய நாங்கள் முடிவு செய்ய முடியாது. அதனால் ரிவிஷன் பி-யோடு போன கமெண்ட் ஷீட்டில், "இரண்டும் முரண்படுகின்றன, எதைப் பின்பற்றுவது என்று உறுதி செய்யவும்" என்று எழுதி அனுப்பினோம்.

ரிவிஷன் பி, கோட் 2 முத்திரையோடு திரும்பி வந்தது. அதாவது, கமெண்டுகளுடன் ஒப்புதல். நேம் பிளேட் பற்றியும் லிஃப்டிங் லக் பற்றியும் புதுக் கமெண்டுகள் இருந்தன. ஏழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்4 பக்கத்தில் மட்டும் மஞ்சள் நிறத்தில் சின்ன நோட் ஐகான் ஒன்று தெரிந்தது. கிளிக் செய்தால் எதுவும் திறக்கவில்லை. அக்ரோபாட்டின் கமெண்ட் பட்டியலும் காலி. "இந்த ஐகானில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று மெயில் போட்டோம், நினைவூட்டினோம். பதிலே இல்லை. டெலிவரி தேதி நெருங்கியதால் 135 டிகிரியையே வைத்து, ஓரியண்டேஷன் மேல் ஹோல்டு (இன்னும் முடிவாகவில்லை என்ற குறி) போட்டு, ஏழாவது வரியை 'ஓபன்' என்றே விட்டு ரிவிஷன் சி அனுப்பினோம்.

இதற்கிடையில் கன்சல்டன்ட் பக்கம் டிராயிங் பார்க்கிற ஆள் மாறிவிட்டார். புதிதாக வந்தவர் எங்கள் கேள்வியைப் படிக்கவே இல்லை. "முந்தைய கமெண்ட் 7 இணைக்கப்படவில்லை" என்று ஒரே வரி. கோட் 3. திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும்.

டிராயிங் ஒப்புதல் கிடைத்தால்தான் எங்களுக்கு அடுத்த பில்லே போடமுடியும். பிளேட்டை உருட்டி, ஷெல்லை நிறுத்தி வைத்துவிட்டு ஃபோர்மேன் தினமும் வந்து "எத்தனை டிகிரி சார்?" என்று கேட்கிறார். தப்பான இடத்தில் ஓட்டை போட்டால் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அந்த இடத்தில் வேறு பிளேட் வைத்து வெல்ட் செய்து, ரேடியோகிராஃபி எடுத்து, அதற்கும் தனியாக அனுமதி கேட்டு அலைய வேண்டும். 15 டிகிரி சும்மா இல்லை.

நேரில் பேசினால் முடிந்துவிடும் என்று காலை பல்லவனில் சென்னைக்குப் போனேன். நேரம் கேட்டு, சரி என்று பதில் வாங்கிக்கொண்டுதான் போனேன். இன்ஜினியர் லீவில் இருந்தார். ரிசெப்ஷனில் வெகுநேரம் உட்கார்ந்த பிறகு டாக்குமெண்ட் கன்ட்ரோலர் வந்தார். "சார், கமெண்ட் விஷயமா நாங்க எதுவும் பேச முடியாது. போர்ட்டல்ல போடுங்க." போர்ட்டல் என்பது டிராயிங்குகளை ஏற்றி இறக்கும் வெப்சைட். ரிவிஷன் பி-யின் மார்க்கப் (கமெண்டுகள் குறித்த பிரதி) ஒரிஜினலையாவது காட்டுங்கள் என்றேன். புது ரிவிஷன் ஏறியதும் பழையது போர்ட்டலில் 'சூப்பர்சீடட்' ஆகிவிடும், வெண்டருக்குத் திறக்காது என்றார். சாயங்கால வண்டியில் வெறுங்கையோடு திரும்பினேன். யாரும் அப்படிப் போகாதீர்கள். முடிவு எடுக்கக்கூடிய ஆள் உட்காரும் மீட்டிங்காக இல்லாவிட்டால் பயணமே வீண்.

மறுநாள் எங்கள் பிராஜெக்ட் மேனேஜர் மூலமாக, கமெண்டுகளை மூடுவதற்கென்றே ஒரு ஆன்லைன் மீட்டிங் கேட்டோம். ஸ்கிரீனில் ஷீட்டைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் போனோம். ஏழாவது வரி வந்ததும் அவர்களிடம் உள்ள ரிவிஷன் பி மார்க்கப்பைத் திறக்கச் சொன்னேன். திறந்தார்கள். அதே மஞ்சள் ஐகான். கிளிக் செய்ததும் பாப்-அப் விரிந்தது: "150 டிகிரி. லேஅவுட்டைப் பின்பற்றவும்."

பதில் எழுதப்பட்டுத்தான் இருந்தது, எங்களுக்கு வந்து சேரவில்லை. மார்க்கப் ஃபைலை அங்கே யாரோ பிரிண்ட் கொடுத்து இன்னொரு பி.டி.எஃப். ஆக மாற்றி முத்திரை குத்தியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் சாதாரணமாகக் கோடும் வட்டமும் ஐகானும் படமாகப் பதிந்துவிடும், பாப்-அப்புக்குள் இருக்கிற எழுத்து போய்விடும். அவர்கள் தரப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சீனியர் ஒருவரே "இது எங்க பக்கத் தப்பு, மினிட்ஸ்ல போட்டுடுங்க" என்றார். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நிம்மதி அந்த ஒரு வாக்கியம்தான். ரிவிஷன் டி-யை 150 டிகிரியோடு அனுப்பினோம், கோட் 1 வந்தது.

இதே வேலையில் இருப்பவர்கள் முத்திரை வந்த ஃபைலைத் திறந்ததும் முதலில் கமெண்ட் பட்டியலைப் பாருங்கள். பக்கத்தில் குறிகள் தெரிந்து பட்டியல் காலியாக இருந்தால் அது பிரிண்ட் எடுத்த ஃபைல். உடனே ஒரிஜினல் மார்க்கப்பையோ கமெண்ட் சம்மரியையோ எழுத்தில் கேளுங்கள். போர்ட்டலில் பழைய ரிவிஷன் மூடுவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

கமெண்ட் நம்பரை ரிவிஷனுக்கு ரிவிஷன் மாற்றவே கூடாது. ஏ-வில் ஏழு என்றால் டி-யிலும் ஏழுதான், புதுசு வந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே கமெண்டில் இரண்டு மூன்று விஷயம் இருந்தால் 7.1, 7.2 என்று பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி முடிந்ததுமே முழுதும் முடிந்ததாக எண்ணிவிடுவார்கள். போனில் சொன்னது, மெயிலில் சொன்னது எல்லாமே ஷீட்டுக்குள் வர வேண்டும்.

'நோட்டட்' என்று மட்டும் பதில் எழுதுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்த ஷீட்டில், எந்த வ்யூவில் மாற்றினோம் என்று எழுதினால்தான் அடுத்து வருகிறவருக்குப் புரியும். 'க்ளோஸ்டு' என்பதை நாம் போடவே கூடாது, கமெண்ட் போட்ட தரப்புதான் போட வேண்டும். அவர்கள் பேசாமல் இருந்தால் அது மூடப்பட்டதாக ஆகாது. திறந்திருக்கிற நம்பர்களை டிரான்ஸ்மிட்டலின் (டிராயிங்கோடு போகும் கவர் லெட்டர்) முதல் பக்கத்திலேயே எழுதி அனுப்புங்கள். நாங்கள் எழுதியிருந்ததால்தான் மீட்டிங்கில் எங்கள் பேச்சு நின்றது.

கோட் 2 கிடைத்ததும் உற்பத்தியைத் தொடங்கச் சொல்லி மேலிருந்து அவசரப்படுத்துவார்கள். ஒப்புதல் தந்தாலும் பொறுப்பு வெண்டருடையதே என்று முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் பெரும்பாலும் இருக்கும். அதைக் காட்டி, ஓட்டை வெட்டும் வேலையை மட்டுமாவது நிறுத்தி வையுங்கள்.

அடுத்த ஆர்டரின் கிக்-ஆஃப் மீட்டிங் போன வாரம் நடந்தது. மார்க்கப் ஃபைலை பிரிண்ட் எடுக்காமல் அப்படியே அனுப்ப வேண்டும், ஆள் மாறினால் திறந்திருக்கும் கமெண்டுகளைப் புது ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நமக்கும் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டு வரிகளை மினிட்ஸில் சேர்க்கக் கேட்டோம். இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள்.