கலயத்தில் ஒரு பிடி

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். நாலரைக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு விளக்கேற்றினேன். எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு அகலும், அதற்குப் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய வள்ளலார் படமும்தான் இருக்கும். அதன் முன் அருட்பெருஞ்ஜோதி சொல்லிக் கால்மணி நேரம் உட்காருவேன். அப்புறம் அரிசி களையும் முன் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவேன். காலையும் இரவும் போட்டால் மாதம் இரண்டரை கிலோ வரை சேரும். பூசத்தன்று, பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமசாலையில் கொண்டுபோய்க் கொடுப்போம். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரப் பயணம். கவிச்சியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. என் சாதனை என்று சொன்னால் இவ்வளவுதான்.

பத்து மணிக்கு மாமனாருக்கு இலை போட்டேன். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், மொச்சைக் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கரும்பு கொடுக்க வந்தவர், குரலைத் தாழ்த்தி, "மாமா இன்னும் சாப்பிடலையாமே, நல்ல நாளும் அதுவுமா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இலையை எடுத்துப் போட்ட கையில் ஈரம்கூடக் காயவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

தை மாத முகூர்த்தம். பதினெட்டு ஜாக்கெட் தைக்கக் கிடக்கிறது. மெஷினில் உட்கார்ந்திருந்தேன். மாமா வந்து நிலைப்படியில் நின்றார். "ஏம்மா, நான் சாப்பிட்டேனா?" சாப்பிட்டீங்க மாமா என்றேன். போய்விட்டு வந்தார். மறுபடி கேட்டார். ஐந்தாவது தடவை கேட்டபோது கையிலிருந்த கத்தரிக்கோலைப் பலகையில் தட்டி, "இப்பதானே ரெண்டு தட்டு சோறு தின்னீங்க! ஊரெல்லாம் என்னைப் பழி சொல்லவா?" என்று கத்திவிட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்த பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். எழுபத்தெட்டு வயது மனிதர். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை ஒரு சொல் அதட்டாதவர்.

காலையில் இதே கையால்தான் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பசிக்கென்று ஒரு பிடி அரிசி போட்டேன். வடலூரில் வள்ளலார் கட்டிய ஞான சபை வாசலில் கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கென்ன என்று நிமிர்ந்து போயிருக்கிறேன். இனி அப்படிப் போக முடியாது.

ஜனவரி 23, வியாழன்

மாமாவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். மறதி நோய் கூடியிருக்கிறது. நான் முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: வயிறு நிறைந்திருக்கும்போது எப்படிப் பசிக்கும்?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சாப்பிட்டது நினைவில் நிற்பதில்லை. சில பேருக்கு வயிறு நிறைந்துவிட்டது என்ற சேதியும் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால் அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே பசிக்கிறது. "இப்பதானே சாப்பிட்டீங்க" என்று வாதாடினால் பயமும் கோபமும்தான் மிஞ்சும். ஒரு வேளைச் சோற்றை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள், கேட்கும்போது கொஞ்சம் கையில் கொடுங்கள் என்றார்.

பசி வந்தால் மனிதனுக்கு என்னென்ன ஆகும் என்று வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார். அறிவு மயங்கும், கண் குழிந்துபோகும், காது அடைக்கும், நாக்கு வறளும். எத்தனையோ தடவை அதைப் படித்துக் கண் கலங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் என் மனதில் வந்து நிற்பவர் ரோட்டோரத்தில் அழுக்குத் துணியோடு இருக்கும் யாரோ ஒருவர். திண்ணையில் வெள்ளை வேட்டியோடு இருப்பவர் ஒரு நாளும் வந்ததில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

பதினொன்றுக்கு அரைக் கிண்ணம் மோர்சாதம். நாலு மணிக்கு இரண்டு இட்லி. ஆறரைக்குப் பொரிகடலை. கேட்ட ஆறு தடவையில் நாலு தடவை நல்லபடியாகப் பதில் சொன்னேன். இரண்டு தடவை முகம் கடுத்துவிட்டது.

காலையில் தியானத்தில் உட்காரவே முடியவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு நேரே மெஷினுக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மெஷினைத் தூக்கித் திண்ணைக்கே கொண்டுவந்துவிட்டோம். மாமா எழுந்து வந்து நிலைப்படியில் நிற்க வேண்டாம், நானும் எழுந்து ஓட வேண்டாம்.

பக்கத்தில் இருப்பதால் இத்தனை நாள் கண்ணில் படாதது படுகிறது. தோள் துண்டின் கரையைப் பிரித்து, இரண்டு இழையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி ஒட்ட வைக்கிறார். நகம் மஞ்சளாகித் தடித்த விரல். பார்வை எங்கோ இருக்கிறது, விரல் மட்டும் பிசகாமல் உருட்டுகிறது. அறுந்த பாவு இழையைப் பிணைக்கிற வேலை அது. ஐம்பது வருடம் லுங்கித் தறியில் இருந்தவர். சாப்பிட்டது மறந்துவிட்டது, கைக்கு இழை மறக்கவில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது, ஜாக்கெட்டில் ஊக்கு வைக்கும் வேலை அப்படியே நின்றுவிட்டது. தியானத்தில் எனக்கு வராத அமைதி அந்தத் திண்ணையில் வந்தது என்பதை உள்ளபடியே எழுதுகிறேன்.

ராத்திரி இவர் ஒரு விஷயம் சொன்னார். மாமாவின் சின்ன வயதில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன ஒரு காலத்தில், அவருடைய அம்மா பிள்ளைகளை வடலூருக்கு நடத்தியே கூட்டிப் போய்த் தருமசாலையில் சாப்பிட வைத்துக் கூட்டி வருவாராம். இந்தக் குடும்பமே அந்த அடுப்பில் வெந்த சோற்றைத் தின்று பிழைத்தது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. 1867 மே 23இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு. இன்றுவரை அணையாமல் எரிகிறது.

பிப்ரவரி 8, சனி

தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் வடலூர்ப் பேச்சுத்தான். பத்தாம் தேதி கொடியேற்றம், மறுநாள் ஜோதி தரிசனம். முதல் தரிசனம் 1872 ஜனவரி 25இல் நடந்தது, இந்த வருடம் 154ஆவது. ஞான சபையில் ஜோதியை மறைத்திருக்கும் ஏழு திரையில், மாதப் பூசத்தில் ஆறுதான் விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாக எல்லா நிறமும் கலந்தது.

நான் போகப்போவதில்லை. அந்தக் கூட்டத்தில் மாமாவைக் கூட்டிப் போக முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. இவர் தான் இருப்பதாகச் சொன்னார். ஆனால் கடை வேலையாகவும் அவர் அங்கே போக வேண்டியிருக்கிறது. மனசு கனத்துத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

விடியற்காலையிலேயே இவரும் மகளும் கலயத்து அரிசியைப் பையில் கொட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆறு மணிக்கு முதல் தரிசனம். நான் இங்கே மாடத்து விளக்கின் முன் உட்கார்ந்தேன்.

மதியம் மாமாவைத் தரையில் உட்கார வைத்து இலை போட்டேன். நானும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. பெரிய உருண்டையாக வாயில் போட்டால் புரையேறிவிடுகிறது, அதனால் நானே பிசைந்து சின்னச் சின்னதாகத் தள்ளி வைத்தேன். நிதானமாகச் சாப்பிட்டார். முடித்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா உனக்கு?"

குறிஞ்சிப்பாடிதான் என்றேன்.

"எங்க ஊருதான். நானும் அங்கதான். அம்மா வெளிய நிக்குது, அதுக்கும் ஒரு இலை போடு. பசியோட நடந்து வந்திருக்கு."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போய் இன்னொரு இலை கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டேன். சோறு வைத்தேன், சாம்பார் ஊற்றினேன், கூட்டு வைத்தேன். இலையைப் பார்த்துவிட்டு அவர் முகம் தெளிந்தது. அன்று பிறகு ஒரு தடவைகூடச் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

அந்த இலையில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மேட்டுக்குப்பத்தில் இன்று திருவறை தரிசனம், வள்ளலார் கடைசியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அறையைப் பார்க்கும் நாள். மகளை மாமாவுக்குத் துணை வைத்துவிட்டு ஒரு எட்டுப் போய் வந்தேன். அந்த அறை இருக்கும் சித்திவளாகத்தில் வரிசை நீளம், நின்றது மூன்று மணி நேரம், பார்த்தது ஒரு நொடி. வழியில் யாரோ ஒரு அம்மாள் வெயிலுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள், அது போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. மாமா திண்ணையில் துண்டின் கரையை உருட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, நான் சாப்பிட்டேனா?"

"இருங்க மாமா, கொண்டாறேன்" என்று உள்ளே போய் இரண்டு இட்லி எடுத்து வைத்தேன். ராத்திரிக்கு அரிசி அளந்து, காலியாக இருந்த கலயத்தில் ஒரு பிடி போட்டேன்.