இருபத்தைந்து பவுண்ட் கறிவேப்பிலை

நாங்கள் இருப்பது லண்டனுக்கு வெளியே. போன வாரம் எங்கள் ஊர் கவுன்சிலிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "எங்கள் பார்க்கிங் சேவை உங்களுக்குத் திருப்தியா?" 'மிகவும் திருப்தி'யில் தொடங்கி 'துளியும் இல்லை' வரை ஐந்து வட்டங்கள். அபராதத்தை எதிர்த்து நான் எழுதியதை நிராகரித்த மறுநாளே இது. அடித்த கையோடு "வலிக்குதா?" என்று கேட்கிற மாதிரி.

நடந்தது இதுதான். சனிக்கிழமை, கவுன்சில் கார் பார்க். மெஷினில் காசு போடும் வாயை டேப் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஆப்பை இறக்கச் சொன்னது. அது கார் நம்பர் கேட்டது, கார்டு கேட்டது, பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தும் கேட்டது. ஒருவழியாக 3:20 வரை கட்டிவிட்டு இலங்கைக் கடைக்குப் போனோம். மனைவி முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "பில் போடுற இடத்துல நில்லுங்க, கறிவேப்பிலையை மறந்துட்டேன்" என்று திரும்பவும் உள்ளே போனாள்.

வந்து சேர்ந்தபோது 3:32. கார் கண்ணாடியில் அபராத நோட்டீஸ் வைத்த மஞ்சள் உறை. பக்கத்திலேயே நின்றிருந்த அதிகாரியிடம் ஆங்கிலத்தில் கெஞ்ச ஆரம்பித்தேன். அவர் கடைப் பையைப் பார்த்தார்.

"தம்பி, பத்து நிமிசம் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நீங்கள் வரேல்லை."

உண்மைதான். கட்டிய நேரம் முடிந்த பின் பத்து நிமிடம் விட வேண்டும் என்பது இங்கிலாந்தில் 2015 முதல் விதி. நோட்டீஸில் நேரம் 3:31.

"ஒண்ணும் பண்ண முடியாதாண்ணா?"

"அடிச்சாப் பிறகு ஏலாது. பதினாலு நாளுக்குள்ள கட்டினா பாதிதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கறிவேப்பிலை அங்க விலை கூட" என்றார்.

50 பவுண்ட் அபராதம், சலுகை போக 25. அந்தக் காசைப் பெரும்பாலும் சாலை, போக்குவரத்து வேலைகளுக்குத்தான் செலவழிக்க வேண்டுமாம், 1984-ஆம் வருஷச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எங்கள் தெரு முனையில் இருக்கிற பள்ளத்துக்கு இந்தச் சட்டத்தை யாராவது படித்துக் காட்டினால் தேவலை.

சரி, கேள்விகளுக்கு வருவோம். 'அதிகாரியின் நடத்தை?' ஐந்துக்கு ஐந்து. விலையெல்லாம் யார் சொல்வார்கள்? 'கட்டணம் செலுத்தும் வசதி?' ஒன்று. 'மேலும் சொல்ல விரும்புவது?' என்று ஒரு பெரிய பெட்டி. இதற்குத்தான் காத்திருந்தேன். டேப்பில் தொடங்கி, ஆப்பைத் தாண்டி, பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது சமையலறையிலிருந்து குரல்.

"அந்த இருபத்தஞ்சு பவுண்டை ஃப்ரீசர்ல இருந்து எடுத்துட்டு வாங்க, தாளிக்கணும்!"

கொடுத்துவிட்டு வந்து 'அனுப்பு' பொத்தானை அழுத்தினேன். 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும்.'

மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுக்குப் பத்து நிமிஷம் கிடையாதா?"