மூச்சுவிடாத 'ப'

கிருஷ்ணகிரியில் இங்கிலீஷ் மீடியம், ஓசூரில் இங்கிலீஷிலேயே வேலை. மிச்சிகனுக்கு வந்தால் பேச்சில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்று இருந்தேன். சிக்கல் என் பெயரின் முதல் எழுத்திலேயே இருந்தது. போனில் "பீட்டருக்கு வரும் பி" என்பேன். மருந்துக்கடைப் பையில் 'பாய்' (boy) என்பதற்கு வரும் பி அச்சாகி வரும். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பிதான், அது வேறு கதை.)

அம்மாவிடம் சொன்னேன். "அவங்க என்னத்த பண்றாங்களோ அதையே நீயும் பண்ணேன்டா" என்றார்.

அவர்கள் பண்ணுவது இதுதான்: சொல்லின் முதலில் பீட்டருக்கு வரும் ப வந்தால் உதட்டைத் திறந்து ஒரு மூச்சைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் உயிரொலிக்குப் போகிறார்கள். வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் படபடக்கும். நம் 'ப'வுக்கு அது அசையவே அசையாது. லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு மொழியியலாளர்கள் 1964இல், உதடு திறப்பதற்கும் குரல் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியை 11 மொழிகளில் அளந்து எழுதினார்கள், தமிழும் அதில் உண்டு. அமெரிக்க ஆங்கில 'ப'வுக்குச் சராசரி 58 மில்லிசெகண்ட். தமிழுக்கு வெறும் 12. 'பாய்'க்கு வரும் ஒலியும் அவர்கள் வாயில் ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல் வருவதுதான். அப்படியானால் மருந்துக்கடைக்காரர் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

தமிழ் நாக்கின் குறை என்றும் இதைச் சொல்ல முடியாது. பழையபேட்டையில் என்னோடு படித்தவன் வீட்டில் உருது பேசுவான். சாப்பாட்டை "கானா" என்றால் 'கா'வில் மூச்சு தெறிக்கும். அதே ஆள் இங்கிலீஷில் "காபி" என்றால் மூச்சைக் காணோம்! இந்திய ஆங்கிலத்தின் வழக்கமே அதுதான், வடக்கத்திக்காரர்களும் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

'வாட்டர்' கதை நேரெதிர். ஓட்டலில் அழுத்தமாக 'ட்ட' போட்டால் விழிக்கிறார்கள். அமெரிக்க வாயில் நடுவில் வரும் அந்த ட, கிட்டத்தட்ட நம் 'மரம்' என்பதில் வரும் ர. "வாரர்" என்றேன், உடனே தண்ணீர் வந்தது. லண்டனில் இருக்கும் சித்தி மகனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான். அவன் பக்கத்தில் பலர் அந்த எழுத்தைத் தொண்டையிலேயே அடைத்துவிடுகிறார்களாம்.

ஊரில் அக்கா மகன் விசாவுக்குக் காத்திருக்கிறான். "மாமா, ஆக்சென்ட் கிளாஸ் போகவா?" என்கிறான். வேண்டாம்டா, முதலில் வரும் ப, ட, க மூன்றுக்கும் மூச்சு விடு, மற்றதெல்லாம் நம்ம இங்கிலீஷாகவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.