முகம், காது, நடை: கட்டி எடுத்த பிறகான ஆண்டுகள்

எனக்கு வந்த கட்டியை முன்பெல்லாம் அகூஸ்டிக் நியூரோமா என்பார்கள். இப்போது மருத்துவர்கள் வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று எழுதுகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் இது புற்றுநோய் அன்று. உட்காதிலிருந்து கேட்டலையும் சமநிலையையும் மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகும் எட்டாவது நரம்பின் உறையில் தோன்றி, பல ஆண்டுகள் மெதுவாக வளர்ந்து, இடம் போதாதபோது மூளைத்தண்டையும் சிறுமூளையையும் நெருக்கத் தொடங்குகிறது. எனக்கு முதலில் தெரிந்தது, இடக் காதில் வைத்த தொலைபேசியில் குரல் கேட்டும் சொல் புரியாமல் போனதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவர் செவித்திறன் சோதனையில் இரண்டு காதுகளுக்கும் இருந்த வேறுபாட்டைப் பார்த்தவுடன் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. சிறிய கட்டியாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம், அல்லது காமா நைஃப் கதிர்வீச்சால் வளர்ச்சியைத் தடுக்கலாம். மூளைத்தண்டை அழுத்தும் அளவுக்கு வளர்ந்ததற்கு அறுவைதான் வழி என்றார்கள். சென்னையில், காதுக்குப் பின்புறம் மண்டையோட்டைத் திறந்து எடுத்தார்கள். மயக்கத்தில் கிடந்தவளுக்கு அறுவையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அதன் பிறகான ஆண்டுகளைப் பற்றித்தான் சொல்ல முடியும்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். "பூரணமா குணமாயிடுச்சா டீச்சர்?" என்று இன்றும் பெற்றோர்கள் கேட்கிறார்கள். அன்போடு கேட்கும் கேள்விதான். ஆனால் ஒரே பதில் சொல்ல முடியாத கேள்வி. ஏனென்றால் அறுவைக்குப் பின் மிஞ்சுவது ஒரு நோய் அன்று. நடைக்கு ஒரு காலக்கணக்கு, முகத்துக்கு ஒரு காலக்கணக்கு, களைப்புக்கு வேறொன்று. காதுக்குக் கணக்கே கிடையாது, அது போனது போனதுதான். இவற்றில் எது திரும்பும், எது உருமாறும், எது திரும்பாது என்பதை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே ஒருவர் உட்கார்ந்து பிரித்துச் சொல்லியிருந்தால், திரும்பாத ஒன்றுக்காகக் காத்திருந்த மாதங்கள் மிச்சமாகியிருக்கும். எனக்குத் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் பிரிக்கும் தேதியும் மாத்திரைகளும் இருந்தன, இது இல்லை.

முதலில் நடை. ஐசியூவில் கண் திறந்தபோது மேற்கூரை ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தாமல் வாந்தி. இரண்டு காதுகளிலும் இருக்கும் சமநிலை உறுப்புகள் ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரு பக்கத்துச் செய்தி நின்றுபோனால், உடல் சுழல்வதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அறுந்த நரம்பு மீண்டும் வேலை செய்யப் போவதில்லை. கண்ணும் பாதமும் மற்றக் காதும் தருவதை வைத்துக்கொண்டு சிறுமூளை புதிதாகப் பழக வேண்டும். பழக வேண்டுமானால் தலையை அசைக்க வேண்டும், அசைத்தால் சுற்றும். அந்தச் சுற்றலுக்குப் பயந்து படுத்தே கிடந்தாலும், அதை அடக்கும் மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கினாலும், மூளை பழகுவது தள்ளிப்போகும். இதைப் பிசியோதெரபிஸ்ட் விளக்கிய பிறகு, கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர்தான் என் மருந்தானது. எதிரே நின்று, தேதி எண் கலங்காமல் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும்; எண் கலங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு மேலும் கீழும். பிறகு மெத்தை மேல் நின்றபடி. "தலைய ஆட்டாதேம்மா, தையல் பிரிஞ்சுடப் போவுது" என்று மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வருவார். சில வாரங்களில் சுவரைப் பிடிக்காமல் நடந்தேன். சில மாதங்களில் மாடிப்படி ஏறினேன்.

நடையின் முன்னேற்றம் அந்த அளவில் நின்றுவிட்டது, அதை யாரும் கவனிப்பதில்லை. வெளிச்சத்தில், சமமான தரையில், என் நடையில் குற்றம் காண முடியாது. மின்வெட்டு வந்தால் கண் தரும் செய்தி போய்விடுகிறது. அந்த நேரத்தில் காலடியில் மணலோ மேடுபள்ளமோ இருந்தால் பாதம் தருவதும் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் ஒற்றைக் காது போதாது. இதில் மிக ஆபத்தான இடம் குளியலறை. தலைக்குக் குளிக்கும்போது ஈரத் தரையில் நிற்கிறோம், குனிகிறோம், சீயக்காய் எரியாமலிருக்கக் கண்ணை இறுக மூடுகிறோம். மூன்றும் ஒன்றாக நடக்கின்றன. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே குளிக்கிறேன். இதே அறுவை செய்துகொண்டவர்கள் வேறெதையும் கேட்காவிட்டாலும் இந்த ஸ்டூலை வாங்கிவிடுங்கள்.

முகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு எட்டாவதை ஒட்டியே போகிறது; பெரிய கட்டி அதைத் தள்ளித் தட்டையாக இழுத்து வைத்திருக்கும். அறுவையின்போது மின்தூண்டலால் அதைத் தேடித் தேடிக் காப்பாற்றுகிறார்கள். என் நரம்பு அறுபடவில்லை, ஆனால் அடிபட்டிருந்தது. ஹவுஸ், பிராக்மன் என்ற இரு மருத்துவர்கள் 1985இல் வகுத்த ஆறு படிநிலைகளில்தான் முகவாதத்தை இன்றும் அளக்கிறார்கள்: ஒன்று என்றால் இயல்பான முகம், ஆறு என்றால் அசைவே இல்லை. எனக்கு ஐந்து என்று எழுதியிருந்தார்கள். நோயாளிக்கு இந்த எண்களில் முக்கியமானது மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இருக்கும் கோடுதான். முயன்றால் கண் முழுதாக மூடுவது மூன்று, எவ்வளவு முயன்றாலும் மூடாதது நான்கு. மற்றவர்கள் வாய் கோணியிருப்பதைப் பார்த்து வருந்துவார்கள். மருத்துவர் வருந்துவது கண்ணுக்காக. மூடாத கண்ணில் கருவிழி உலர்ந்து புண்ணானால் பார்வையே போகலாம். பகலில் மணிக்கொரு தரம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு தடவி இமையை இழுத்து மூடிப் பிளாஸ்திரி. மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கக் கூடாது என்பது நம் ஊர் மே மாதத்தில் சாதாரண விதி அன்று. ஸ்கூட்டரின் பின்னால் உட்காரக்கூடக் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட் வேண்டியிருந்தது.

சாப்பாட்டில் நான் எதிர்பார்க்காத தொல்லைகள் இருந்தன. இடப் பக்கக் கன்னத்துக்குள் சோறு தங்கிவிடும். விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். ரசம் வாயோரம் வழியும். நாக்கின் இடப் பாதியில் எப்போதும் ஓர் உலோகச் சுவை, ஏனென்றால் நாக்கின் முன்பகுதிச் சுவையும் அதே ஏழாவது நரம்போடுதான் வருகிறது. சிறு வயதிலிருந்து டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து காபி குடித்தவள் நான். அண்ணாந்தால் தலை சுற்றியது, ஊற்றினால் உதடு பிடிக்கவில்லை. உறவினர் வீடுகளில் டம்ளரைக் கவ்விக் குடிக்க முதலில் கூச்சமாக இருந்தது. வகுப்பில் உதடு சேராததால் 'ப'வும் 'ம'வும் காற்றாகப் போயின. முக்கோணவியலில் அதைச் சமாளிக்கலாம். 'பெருமம்', 'சிறுமம்' நடத்தும்போது கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடுவேன்.

அடிபட்ட நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மூளைத்தண்டருகிலிருந்து கன்னம் வரை அது வந்து சேர மாதங்கள் ஆகும் என்பதைக் கணக்கு டீச்சர் போட்டுப் பார்த்திருக்க மாட்டேனா? எனக்கு அரை ஆண்டுக்குப் பக்கத்தில் கன்னத்தில் ஒரு துடிப்பு வந்தது. அதுவரை அக்கம்பக்கத்தில் சொல்லாத வைத்தியம் இல்லை. முகத்துக்குக் 'கரண்ட்' வைத்துக்கொள்ளும்படி பலர் சொன்னார்கள். என் சிகிச்சையாளர் அதற்கு உடன்படவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஒரு தசையை மட்டும் மிக மெதுவாக அசைத்துப் பழகச் சொன்னார். சூயிங்கம் மெல்வதையும், முகத்தை முழு பலத்தோடு சுளித்துப் பார்ப்பதையும் தடுத்தார். அதன் காரணம் பின்னால்தான் புரிந்தது. வளர்ந்து வரும் நரம்பிழைகள் தத்தம் பழைய தசைக்கே போய்ச் சேர்வதில்லை. ஒரு வீட்டுக்கான மின்கம்பியை அடுத்த வீட்டு மீட்டரில் மாட்டிவிட்டது போல, வாய்க்குரிய இழை கண்ணுக்கும், கண்ணுக்குரியது வாய்க்கும் போய்விடுகிறது. இன்று நான் சிரித்தால் இடக் கண் சுருங்கி மூடுகிறது. கண்ணைச் சிமிட்டினால் வாயோரம் இழுக்கிறது. உமிழ்நீருக்கான இழைகள் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போனதால், சாப்பிட உட்கார்ந்தால் இடக் கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. அக்காள் மகள் கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவளிடம் சம்பந்தி வீட்டு அம்மா ஓடி வந்து, "என்னங்க, யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். பாயசம் வரைக்கும் அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். இழுப்பு அதிகமானால் போடாக்ஸ் ஊசியால் அந்தத் தசையைச் சில மாதங்கள் தளர்த்தி வைக்கலாம் என்கிறார்கள்; எனக்கு இன்னும் அந்த அளவுக்கு வேண்டியிருக்கவில்லை. இப்போது படிநிலை மூன்று. கண் மூடுகிறது. அது எனக்குப் போதும்.

காது விஷயத்தில் நான் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஒரு காது போனால் பாதிச் சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அமைதியான அறையில் ஒருவரோடு பேசினால் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேர வேறுபாட்டையும் ஒலி அளவின் வேறுபாட்டையும் வைத்துத்தான் கணிக்கிறது; ஒற்றைக் காதுக்கு அந்தக் கணிப்பு இல்லை. வகுப்பில் "டீச்சர்" என்று ஒரு குரல் வந்தால், ஐம்பது முகங்களில் எது கூப்பிட்டது என்று தெரியாது. கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். சாலையில் ஹாரன் கேட்டால் எல்லாமே வலப் பக்கம் வருவதாகத் தோன்றும். அதனால் நின்று, தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே கடக்கிறேன். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஏறிவிட்டால் பக்கத்தில் பேசுபவரின் உதடுதான் எனக்குக் கேட்கிறது. நரம்பே போன காதில் ரீங்காரம் மட்டும் ஓயவில்லை. அது மூளைக்குள் உண்டாவது, காதை அடைத்துப் பயனில்லை. செவிடான பக்கத்து ஒலியை மைக்கால் பிடித்து நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் வகைக் கருவியைச் சில நாள் போட்டுப் பார்த்தேன். இடப் பக்கம் பேசுபவர் கேட்டார், திசை தெரியவில்லை, கூட்டத்தின் இரைச்சலும் சேர்ந்து வந்தது. விலையையும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதற்கு மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்குமா என்று சிலர் கேட்டதால் சட்டத்தைப் படித்தேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, இரண்டு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் செவிடு என்றும், இரண்டு காதுகளிலும் 60 முதல் 70 வரை இருந்தால் கேள்திறன் குறை என்றும் வரையறுக்கிறது. ஒரு காது முழுதாகப் போய் மற்றது நன்றாக இருப்பவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. சட்டம் யாருக்கு முன்னுரிமை தர வேண்டுமோ அவர்களுக்குத் தரட்டும். எனினும் பணியிட மாறுதல் கலந்தாய்வில் என் குறை தாளில் எங்கும் இல்லை என்பது உண்மை.

எவரும் பார்க்காதது களைப்பு. ஒற்றைக் காதால் கவனித்துக் கேட்பதும், ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்து வைப்பதும் மூளைக்குக் கூடுதல் வேலை. நான்காவது பாடவேளை முடிந்ததும் எளிய கூட்டல்கூடக் கை நழுவும் நாட்கள் முதல் ஆண்டில் இருந்தன. தலைமையாசிரியரிடம் கேட்டு, தொடர்ந்து இரண்டு வகுப்புகள் வராமல் அட்டவணையை மாற்றிக்கொண்டேன். அது எந்த டானிக்கைவிடவும் பயன்பட்டது. காதுக்குப் பின்னால் தழும்பைச் சுற்றி இன்றும் மரத்துப்போன ஒரு கையகலம் இருக்கிறது. அங்கே எண்ணெய் வைத்தால் விரலுக்குத்தான் தெரிகிறது, தலைக்குத் தெரிவதில்லை. இருமினாலோ குனிந்து குடத்தைத் தூக்கினாலோ அந்த இடத்திலிருந்து ஒரு வலி நெற்றிக்கு ஓடும். காதுக்குப் பின்புறம் திறந்து அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்கு இந்தத் தலைவலி வருவது உண்டு என்று அறிந்த பிறகு, கட்டி திரும்பிவிட்டதோ என்ற பயம் குறைந்தது.

அந்தப் பயம் முழுதாகப் போகாததற்கு ஒரு காரணம் உண்டு. ஏழாவது நரம்பில் ஒட்டியிருந்த கட்டியின் மெல்லிய படலத்தைச் சுரண்டினால் முகம் நிரந்தரமாகப் போய்விடும் என்று அதை விட்டுவிட்டு வந்ததாக அறுவை மருத்துவர் சொன்னார். 1917இல் இந்தக் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், நோயாளி பிழைக்க வேண்டுமென்பதற்காகவே கட்டியின் உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுத்தார். இன்று உயிர் பெரும்பாலும் தப்பிவிடுகிறது, முகத்துக்காக விடுகிறார்கள். விட்டதை ஒப்புக்கொண்டு முன்பே சொன்ன மருத்துவரை நான் நம்புகிறேன். அதனால்தான் ஆண்டுக்கொரு முறையாக இருந்த எம்ஆர்ஐ, இரண்டாண்டுக்கொரு முறையாக மாறிய பிறகும் தொடர்கிறது. மண்டையோட்டில் வைத்த டைட்டேனியம் தகட்டால் ஸ்கேனுக்குத் தடையில்லை. இருந்தாலும் அறையில் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், அறுவைக் குறிப்பின் நகலைக் கையில் வைத்திருந்தால் வாக்குவாதம் இருக்காது. பழைய சிடிக்களையும் தவறாமல் கொண்டு போகிறேன், ஏனென்றால் முந்தைய படத்தோடு வைத்து அளந்தால்தான் அந்தப் படலம் வளர்ந்திருக்கிறதா, இல்லையா என்று சொல்ல முடியும். சென்ற முறை அளந்ததில் வளரவில்லை.