ஏழாவது ஆளு ஆறாவது ஆளுகிட்ட எப்ப தோத்தான்?

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல உக்காந்து டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்து டைஸ் உருட்டி கதை நடத்துற வெளாட்டு) விளையாடுறோம்னு சொன்னா இன்னும் சில பேரு அது ஏதோ சீட்டாட்டம்னு நெனைக்கிறாங்க. நாங்க அஞ்சு பேரு. சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு மேல, எங்க வீட்டு முன்னால காடி நிறுத்துற எடத்துல ஒரு மடக்கு மேசை, ஒரு ஃபேன், ஒரு கொசுவத்தி, மழை பேஞ்சா ஜிங்க் சத்தத்துல டைஸ் விழுந்தது கூட காதுல விழாது. என் தங்கச்சி (சித்தி மக, ஆனா தங்கச்சிதான்), ரெண்டு மச்சானுங்க, ஒரு டியூஷன் வாத்தியாரு, கதைய நடத்துற கேம் மாஸ்டர் நான்.

டிராகன், கோட்டை, எல்ஃபு எல்லாம் போன வருஷமே அலுத்துப்போச்சு. அதனால இந்த கேம்பெய்ன (வாரா வாரம் தொடர்ற கதைய) நம்ப பக்கமே கொண்டு வந்துட்டேன். காலம் 1960 பக்கத்துல, எடம் பேராக்ல பேரு வைக்காத எட்டு தோட்டம், நேரம் துண்டாடல் நேரம். சின்ன பசங்களுக்கு தெரியாம இருக்கலாம், சுதந்திரத்த ஒட்டி வெள்ளக்காரன் கம்பெனிங்க தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டு போக ஆரம்பிச்சானுங்க, லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்த சனங்க சட்டி பானையோட ரோட்டுக்கு வந்துச்சு, அப்பதான் நம்ப ஊரு அமைச்சர் வீ.தி. சம்பந்தன் 1960-ல தொழிலாளிங்ககிட்ட பத்துப் பத்து வெள்ளியா சேத்து நில நிதி கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சாரு. இந்த பின்னணியில எட்டு தோட்டத்துக்கும் சேத்து சண்டைக்காரங்க பட்டியல் ஒண்ணு இருக்கு, பத்து பேரு, ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும். விளையாடுறவங்க நாலு பேரும் ஒன்பதாவது தோட்டத்துல இருந்து வர்ற வெளியாளுங்க, எப்படியாவது அந்த பட்டியல்ல ஏறணும். கதை அவ்ளோதான்.

மொதல்ல நான் செஞ்சது படு மட்டமான வேலை. எக்செல்ல தொறந்தேன், பத்தாவது ஆளுக்கு அட்டாக் (அடிக்கும்போது டைஸோட கூட்டுற எண்) +4, ஒன்பதாவதுக்கு +5, அப்படியே ஏணி மாதிரி மேல போய் மொத ஆளுக்கு +13. எவ்ளோ அடி தாங்குவான்ங்கிற ஹிட் பாயிண்டும் அதே மாதிரி. ஆளுக்கு ஒரு பட்டப்பேரு, ஒரு தழும்பு, ஒரு மீசை. அரை மணி நேரத்துல பத்து பேரு ரெடி, எனக்கே எம்மேல பெருமை தாங்கல.

மூணாவது செஷன்ல ஆப்பு வந்துச்சு. பத்தாவது ஆளையும் ஒன்பதாவது ஆளையும் அடிச்சிட்டு தங்கச்சி கேக்குறா, "ஏன் வரிசையா போகணும், நேரா மூணாவது ஆள கூப்புடு". கூப்ட்டேன். அவ கேரக்டர் ரப்பர் பால் வெட்டுற பொண்ணு, ரூல்ஸ் கணக்குல லெவல் 5 மங்க், அதாவது வெறுங்கையால சண்டை போடுற துறவி. 2014 ரூல் புக்குப்படி அந்த லெவல்ல செலவு பண்ண அஞ்சு கீ பாயிண்ட் இருக்கும், ரெண்டு அடி சாதாரணமா, ஒரு கீ செலவு பண்ணா இன்னும் ரெண்டு, ஒவ்வொரு அடி படும்போதும் ஒரு கீ குடுத்து ஸ்டன் பண்ண (அசைய விடாம நிறுத்த) முயற்சி பண்ணலாம். எதிராளி இருபது பக்க டைஸ உருட்டி, தன்னோட கூட்டல் எண்ணையும் சேத்து 14 எடுத்தா தப்பிச்சான். நம்ப மூணாவது ஆளுக்கு நான் குடுத்திருந்தது வெறும் +2, அதாவது ஒரு தடவைக்கு 55 சதவீதம் மாட்டிக்குவான், நாலு அடியும் பட்டுச்சுன்னா எங்கயாவது ஒண்ணுல மாட்டுறதுக்கு 96 சதவீதம். இந்த கணக்க நான் போட்டது மறுநாள் காலையில பசியாறும்போது. அன்னிக்கு ராத்திரி மூணாவது அடியிலயே ஆளு சிலை, ரெண்டாவது ரவுண்டு முடியறதுக்குள்ள தரையில. மூணு வாரமா நான் பில்டப் குடுத்த ஆளுங்க அவரு! மீசைக்கு மட்டும் ஒரு பத்தி எழுதி வச்சிருந்தேன்.

டியூஷன் வாத்தியாரு டைஸ உருட்டிக்கிட்டே மெதுவா கேட்டாரு, "அப்ப நாலு, அஞ்சு, ஆறு எல்லாம் எதுக்கு இருக்கானுங்க?" என்கிட்ட பதில் இல்ல.

அந்த பட்டியல நான் ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை அப்பா தண்ணி எடுக்க வந்தவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு படிச்சாரு. அவரு சின்ன வயசுல தோட்டத்துல கம்பு (சிலம்பம்) வெளாண்டவரு, இப்ப முட்டி வலி, அத பத்தி பேசுறதே இல்ல. படிச்சிட்டு ஒரே கேள்வி, "இந்த ஏழாவது ஆளு ஆறாவது ஆளுகிட்ட எப்ப தோத்தான்?"

தோக்கலப்பா, இது சும்மா பவர் லெவல்னு சொன்னேன்.

"தோக்காம எப்படிடா கீழ இருப்பான்?"

அப்புறம் அவரே உக்காந்து பேச ஆரம்பிச்சாரு. அவங்க தோட்டத்துல பெல்ட்டும் கிடையாது நம்பரும் கிடையாதாம். திருவிழா ராத்திரி, கேஸ் லைட்டு வெளிச்சத்துல, கம்பு நுனியில கரிய தடவிக்கிட்டு எறங்குவாங்க, ரெண்டு பேரும் வெள்ளை பனியன், முடிஞ்சதும் யாரு மேல எத்தன கறுப்பு புள்ளின்னு எண்ணுவாங்க. ஆனா பெருசுங்களுக்கு அதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருமாம், சலாம் வரிசை (ஆரம்ப வணக்கம்) போடும்போதே காலு எங்க வைக்கிறான்னு பாத்தா போதும். சுவடு (காலடி) சரியில்லாதவன் கம்பு எவ்ளோ வேகமா சுத்துனாலும் வேஸ்டுன்னாரு. மத்த நாள்ல யாரு பெரியவன்னு எப்படிப்பா தெரியும்னேன். "ஒத்தையடி பாதையில எதிர எதிர வந்தா யாரு ஒதுங்குறாங்கன்னு பாரு. அதான் உன் ரேங்கு."

இத சொல்லிட்டு சும்மா இருக்கல, பின்னால போய் மாப்பு கட்டைய எடுத்துட்டு வந்தாரு. "இத புடி, நீ வலது கை. நான் இப்ப இடது கைக்காரன்." அவரு வீச்சு வந்த பக்கம் நான் எதிர்பாத்த பக்கமே இல்ல, தடுக்க கட்டைய தூக்குறதுக்குள்ள என் விலாவுல லேசா தட்டிட்டு நிறுத்திட்டாரு, அடுத்து கீழ வாரல், என் கணுக்கால் பக்கத்துல காத்து மட்டும் போச்சு. அறுபத்தி ஏழு வயசு. அம்மா உள்ளேருந்து, மாப்பு ஒடஞ்சா நீங்கதான் வாங்கித் தரணும்னு ஒரு சத்தம்.

அந்த ரெண்டு நிமிஷத்துல என் ஆறாவது ஆளு பொறந்துட்டான். இடது கைக்காரன். இடது கைக்காரன்கிட்ட மோதாதவன் யாரா இருந்தாலும் மொத ரவுண்டுல இவன் அடிக்கு அட்வான்டேஜ், அதாவது டைஸ ரெண்டு தடவை உருட்டி பெருச எடுத்துக்கலாம். ஏழாவது ஆளு அப்படித்தான் தோத்தான், ஒரே ஒரு தடவை, மூணு வருஷம் முன்னால, அதுக்கப்புறம் மறுபடி கேக்க வெக்கம். ஆனா அதே ஏழாவது ஆளு அஞ்சாவது ஆள எப்ப வேணும்னாலும் அடிப்பான், ஏன்னா அஞ்சாவது ஆளு கம்பு வச்சாதான் ராஜா, இவன் குத்து வரிசைக்காரன், கிட்ட பூந்துட்டா கம்புக்கு வேலை இல்ல. சின்ன வயசுல வன் டூ சூம் வெளாடுவோமே, பறவை தண்ணிய குடிக்கும், தண்ணி கல்ல முழுக்கும், கல்லு பறவைய அடிக்கும், அந்த மாதிரி. அப்ப அஞ்சாவது ஆளு ஏன் மேல இருக்கான்? அவன் ஏழாவது ஆளோட தங்கச்சிய கட்டியிருக்கான். மச்சான்கிட்ட எவன் சண்டைக்கு போவான்.

பழைய எக்செல்ல அழிச்சிட்டேன். இப்ப பத்தாவது ஆளுக்கு +5, ரெண்டாவது ஆளுக்கு +9, அவ்ளோதான் வித்தியாசம். டி20-ல (அந்த இருபது பக்க டைஸ்ல) ஒரு +1-ங்கிறது அஞ்சு சதவீதம், ஸோ மேலுக்கும் கீழுக்கும் மொத்தமே 20 சதவீதம்தான், கீழ இருக்கவனும் ஒரு நல்ல நாள்ல ஜெயிக்கலாம். மிச்சத்த எழுத்துல வச்சேன். ஒவ்வொரு ஷீட்லயும் மூணு கேள்வி: யார ஜெயிச்சு இங்க வந்தான், யாருகிட்ட மோத மாட்டான், உடம்புல எங்க பழைய அடி. பழைய அடி ரொம்ப முக்கியம், பால் வெட்டுறவனுக்கு எந்த தோள் போயிருக்கும், செம்பனை பழக்குலை தூக்குறவனுக்கு இடுப்பு எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல யாருக்கும் சொல்லித்தர வேணாம்.

ஸ்டன் விஷயத்துக்கும் ஒரு வீட்டு ரூல் போட்டேன். அத இப்ப தொடுவர்மம்னு கூப்புடுறோம். வர்மத்துல மொத்தம் 108, அதுல 12 படுவர்மம், 96 தொடுவர்மம்னு பிரிப்பாங்க, தங்கச்சி ஷீட்ல இப்ப தெரிஞ்சது மூணே மூணு எடம், புது எடம் கத்துக்கணும்னா ஒரு ஆசான தேடணும். பெரட்டுக்களத்துல (காலையில ஆளு கணக்கு எடுக்குற எடத்துல) எல்லாரும் பாக்க ஒரு எடத்த தொட்டா, பாத்தவன் அத்தன பேரும் அடுத்த தடவை அந்த எடத்துக்கு உஷார், தப்பிக்கிறதுக்கு உருட்டுற சேவ அட்வான்டேஜோட போடுவான். தங்கச்சி ஒரு வாரம் மூஞ்ச தூக்கி வச்சிருந்தா, அப்புறம் யாரும் இல்லாத பால்காட்டுல சண்டைய வச்சிக்க ஆரம்பிச்சா. புத்திசாலி லா.

இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்ல. 1978-ல வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல மங்குக்கு ஒரு ரூல் இருக்கு. எட்டாவது லெவல்ல உலகத்துக்கே மூணு பேருதான், அதுக்கு மேல ஒவ்வொரு லெவலுக்கும் ஒரே ஆளு. ஏறணும்னா அங்க இருக்கவர தேடி கண்டுபுடிச்சு ஆயுதம் மந்திரம் இல்லாம வெறுங்கையோட ஜெயிக்கணும், தோத்தவன் ஒரு படி எறங்கணும். உச்சி 17, பட்டம் கிராண்ட் மாஸ்டர் ஆஃப் ஃபிளவர்ஸ், கேட்டா கோயில்ல மாலை கட்டுறவரு மாதிரி இருக்கு. நிறைய பேருக்கு அந்த ரூல் புடிக்காது, எனக்கு ரொம்ப புடிக்கும், ஏன்னா லெவல்ங்கிறது அங்க இன்னொரு மனுசன் உக்காந்திருக்க நாற்காலி. பெல்ட் கலர வச்சி ரேங்க் குடுக்கலாமேன்னு பெரிய மச்சான் கேட்டான், வேணாம்னுட்டேன். ஜூடோவுல அத உருவாக்குன கானோ ஜிகோரோ மொத டான் தரம் குடுத்ததே 1883-லதான், அதுவும் கோங்கிற பலகை வெளாட்டுல இருந்து எடுத்த பழக்கம், 1960 தோட்டத்து லயத்துல அது எப்படி வரும்.

மொத எடத்துக்கு மட்டும் சுமோவுல இருந்து கடன் வாங்கினேன். சுமோவுல ஒரு பாஷோவுக்கு (போட்டித் தொடருக்கு) 15 நாள், எட்டு ஜெயிச்சா ஏத்தம், இல்லன்னா எறக்கம், ஆனா உச்சியில இருக்க யோகோசுனாவ மட்டும் யாரும் எறக்க முடியாது, முடியலன்னா அவரே வெலகணும். என் மொத ஆளு வெலகவும் இல்ல, இருக்கவும் இல்ல. அவரு தோட்டம் துண்டாடல்ல போயிடுச்சு, ஒரு நாள் காலையில தகர பெட்டிய தூக்கிட்டு போனவரு எங்கன்னு தெரியல. தோக்காததால பேரு அப்படியே மேல நிக்குது. ரெண்டாவது ஆளு பாவம், எல்லாரையும் அடிச்சிட்டான், ஆனா சாகுற வரைக்கும் ரெண்டாவதுதான்.

போன வாரம் நடந்தத சொல்லணும். நாலாவது எடத்துல இருக்கது ஒரு பொம்பள. பேரு கிடையாது, எல்லாரும் ஆயான்னுதான் கூப்புடுவாங்க, ஆயாக்கொட்டாய்ல புள்ளைங்கள பாத்துக்குற ஆயா. வயசு 58, ஹிட் பாயிண்ட் 27, ஆர்மர் கிளாஸ் (அடி படாம தப்பிக்கிற அளவு) 12. இவ்ளோதானான்னு ஷீட்ட எட்டிப்பாத்த சின்ன மச்சானுக்கு ஒரே குஷி. ஈஸியா ஏறிடலாம்னு நேரா ஆயாக்கொட்டாய்க்கு போய் சவால் விட்டுட்டான். ஆயா ஒரு கொழந்தைய தூளியில ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆட்டுறத நிறுத்தல. "கொழந்தை தூங்கட்டும் தம்பி, வரேன்."

மச்சான் வெளிய நின்னான். கொஞ்ச நேரத்துல பத்தாவது ஆளு வந்து ஒரு ஓரமா நின்னான், மூக்குல இன்னும் கட்டு. அப்புறம் எட்டாவது ஆளு, சைக்கிள சாத்திட்டு. ஏழாவது ஆளும் அஞ்சாவது ஆளும் சேந்தே வந்தானுங்க. யாரும் ஒரு வார்த்தை பேசல, யாரும் கம்பு எடுக்கல. நான் டைஸ தொடவே இல்ல. அஞ்சுல இருந்து பத்து வரைக்கும் ஆறு பேரையும் அந்த தூளியில போட்டு வளத்தது அந்த ஆயாதான். அவங்கள தாண்டி மேல இருக்க மூணு பேரும் வேற தோட்டத்துல வளந்தவனுங்க, அதனாலதான் அவங்க மூணாவது இல்ல, நாலாவது. இது ஷீட்லயே இருக்கு, யார ஜெயிச்சாங்கங்கிற எடத்துல "யாரையும் இல்ல"ன்னு எழுதியிருந்தேன், மச்சான் ஆர்மர் கிளாஸ மட்டும் பாத்தான்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் மச்சான் சொன்னான், "நான் செருப்ப கழட்டி வச்சிட்டு உள்ள போய் தூளிய ஆட்டுறேன்." ரோல் எதுவும் கேக்கல நான். பட்டியல்ல அவன் ஏறல, ஆனா மறுநாள் பாதையில வரும்போது எட்டாவது ஆளு சைக்கிள ஓரம் கட்டினான்.

எல்லாம் முடிஞ்சு டைஸ் எல்லாம் டப்பாவுல போடும்போது தங்கச்சி கேட்டா, இப்படி ஒரு பட்டியல் இருக்குன்னு அந்த ஆயாவுக்கு தெரியுமான்னு. நான் யோசிக்கவே இல்ல. ஷீட்டுக்கு கீழ பென்சில்ல அந்த கேள்விய எழுதி வச்சிருக்கேன், சனிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும், அப்பாகிட்ட கேட்டா "தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பாங்க"ன்னுட்டு டிவி பாக்க போயிட்டாரு.