விரலை எங்கே ஊன்றுவது

ஃபாண்டம் ஹெட் என்னும் பயிற்சிப் பொம்மைத் தலையில் மாதக்கணக்கில் கை பழகிய டென்டல் ஹைஜீனிஸ்ட் மாணவர் முதல் நோயாளியிடம் தடுமாறுவது பெரும்பாலும் எச்சிலில்தான். ரப்பர் கன்னத்துக்குள் இருக்கும் செயற்கைப் பல்வரிசையான டைபோடான்ட்டில் நாக்கு குறுக்கே வராது. அது விழுங்காது, இருமாது. காரைக்கு (பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கு) பதிலாகப் பல்லில் பூசிப் பழகும் நெயில் பாலிஷ் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். நிஜக் காரையோ பாதி ஈறுக்கடியில் இருக்கும், தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தியாவில் டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ 2 ஆண்டுப் படிப்பு. 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டம் இவர்களுக்கு வகுத்த வேலை, பல்லில் காரை எடுப்பது, சுத்தம் செய்வது, மெருகேற்றுவது, வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது. வேலையின் பரப்பு சிறியதுதான். அதனாலேயே கையில் குறை இருந்தால் ஒளித்துவைக்க இடம் கிடையாது.

கருவியை எடுப்பதற்கு முன்பே பாதித் தவறு நடந்துவிடுகிறது. நோயாளியின் வாய் மாணவரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். மேற்பற்களுக்குச் சேரை முழுக்கச் சாய்த்து, முகவாயைத் தூக்கச் சொல்ல வேண்டும். கீழ்ப்பற்களுக்குச் சாய்வைக் கொஞ்சம் குறைத்து, முகவாயை இறக்கச் சொல்ல வேண்டும். சேரை அசைக்கக் கூச்சப்படும் மாணவர் தன் கழுத்தை வளைக்கிறார். நான்காவது நோயாளிக்குள் தோள் தூக்கிக்கொள்ளும், விரல் இறுகும்.

அடுத்தது விரல் ஊன்றல். மோதிர விரலின் நுனி, வேலை செய்யும் பல்லிலிருந்து ஒன்றிரண்டு பல் தள்ளி, அதே தாடையில், பல்லின் மேலேயே உட்கார வேண்டும். உதட்டிலோ ஈறிலோ வைத்தால் அது ஊன்றலே ஆகாது, அழுத்தியதும் நழுவும். எச்சில் பட்ட பல் வழுக்கும். காஸ் துணித் துண்டால் அந்தப் பல்லை ஒருமுறை துடைத்துவிட்டு ஊன்றினால் போதும். இந்த ஐந்து வினாடி வேலையைச் செய்யாமல்தான் பலர் பிடியை இறுக்குகிறார்கள். கையுறைக்குள் விரல் முட்டி வெளுத்துத் தெரிந்தால், அந்தக் கைக்குக் காரையின் சொரசொரப்பு எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அசைவு முன்கையிலும் மணிக்கட்டிலும் இருந்து வர வேண்டும். விரலை மட்டும் மடக்கி மடக்கி இழுப்பவருக்கு அரைமணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும்.

காரையைச் சுரண்டி எடுக்கும் கியூரெட்டை ஈறுக்கடியில் நுழைக்கும்போது அதன் அலகின் முகம் பல்லோடு ஏறக்குறைய ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். அடியில் காரையைத் தாண்டியதும் 60 முதல் 80 டிகிரி வரை திறந்து, 2, 3 மி.மீ. நீளத்துக்கு இழுக்க வேண்டும். கிரேசி என்னும் கியூரெட் வகையில் அதிகம் மாறிப்போவது எண் 11/12-உம் 13/14-உம். கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு முதலாவது, பின்பக்கத்துக்கு இரண்டாவது. மாற்றி எடுத்தால் கூர் பல்லை விட்டு ஈறைச் சுரண்டும். ரத்தம் வருவதைப் பார்த்து "ஈறு வீக்கம்தான் காரணம், சார்" என்று மாணவர் சொல்வார். கருவியின் எண்ணைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மழுங்கிய கியூரெட் செய்யும் கேடு அப்போது தெரியாது. காரை மொத்தமாகப் பெயராமல் மேல்பூச்சு மட்டும் சீவிப்போய் வழவழப்பாகிவிடும். காரையைத் தடவிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் அதன்மேல் தடையில்லாமல் ஓடும், மாணவரும் முடிந்தது என்று எழுதிவிடுவார். கூர் இருக்கிறதா என்று பார்க்க அக்ரிலிக் குச்சியில் வைத்து இழுக்க வேண்டும்: கடித்துப் பிடித்தால் சரி, வழுக்கினால் தீட்ட வேண்டும். முதலில் ஆட்டோகிளேவில் கிருமிநீக்கம், அப்புறம் தீட்டல், மறுபடி ஆட்டோகிளேவ். கல்லுக்கும் கருவியின் முகத்துக்கும் இடையில் 100 முதல் 110 டிகிரி இருக்க வேண்டும். கிரேசியில் ஒரு விளிம்பை மட்டுமே தீட்ட வேண்டும். விளிம்போடு நின்றுவிட்டு உருண்டை நுனியைத் தீட்டாமல் விட்டால், சில வாரங்களில் நுனி ஊசியாகி, கியூரெட், கூர்நுனிக் கருவியான சிக்கிளாகிவிடும். ஈறுக்கடியில் அது கிழிக்கும்.

அதிர்வால் காரையைப் பெயர்க்கும் அல்ட்ராசோனிக் கருவியில் தலைகீழ்ப் பாடம். அங்கே அழுத்தினால் அதிர்வு அடங்கிவிடும். நுனியின் பக்கவாட்டைப் பல்லோடு 15 டிகிரிக்குள் படுக்கவைத்து, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நுனி 2 மி.மீ. தேய்ந்தால் திறன் பாதியாகிவிடும். நோயாளிக்கு பேஸ்மேக்கர் உண்டா என்பதை ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே கேட்டு, இருந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குப் போனதும் முதலில் சோதிக்கப்படுவது பேச்சு. கீழ் முன்பற்களின் உட்பக்கம் எச்சில் சுரப்பி வாய் திறக்கும் இடம். அங்கே காரை பாலம் கட்டியதுபோல் பல்லோடு பல்லைப் பிணைத்திருக்கும். எடுத்ததும் நாக்குக்குச் சந்து தட்டும், பல் கூசும், ஏற்கெனவே எலும்பு கரைந்த பல் என்றால் ஆடுவதும் தெரியும். "கிளீன் பண்ணித்தான் பல்லு சந்து விழுந்துபோச்சு" என்ற பழி இங்கேதான் பிறக்கிறது. முடிந்தபின் சொல்லும் விளக்கம் சால்ஜாப்பாகவே கேட்கும். ஆரம்பிக்கும் முன்பே கண்ணாடியைக் கொடுத்து, "அம்மா, இந்த மஞ்சளா இருக்கிறது பல்லு இல்ல, காரை. இது போனா இடைவெளி தெரியும், ரெண்டு மூணு நாள் கூசும். வலிச்சா இடது கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்று சொல்ல வேண்டும். கையைத் தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்தவும் வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு பல்லு' என்று தொடர்ந்தால் அடுத்த முறை அவர் வாயைத் திறக்க மாட்டார்.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தை அளக்கும் புரோபை ஒரு பல்லுக்கு 6 இடத்தில் நடத்த வேண்டும், அழுத்தம் 20, 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சின்னத் தராசின்மேல் நுனியை வைத்து அழுத்திப் பார்த்தால் அது எவ்வளவு லேசு என்று கை நம்பும். நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து அதே 6 இடங்களை மறுபடி அளக்கும்போது மற்றதெல்லாம் அடங்கி ஓரிடத்தில் மட்டும் ரத்தம் கசிந்தால், அது அநேகமாகக் கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம்தான், விரல் ஊன்ற இடம் கிடைக்காமல் மாணவர் அவசரமாகக் கடந்துபோன இடம்.